கைக்காகவே கட்டு

சமையலறை வாசற்படியிலே சிறிது நீர் சிந்திக் கிடந்தது. அதனைக் காணாது காலடி வைத்த ஒரு தாயார் வழுக்கி விழுந்தார். விழும்பொழுது உடலைக் காக்க வேண்டி வலக்கையை நிலத்தில் ஊன்றினார். உடல் தப்பியது, மணிக்கட்டு முறிந்தது. வைத்தியசாலையிலே என்பை நேராக்கிப் பிளாஸ்ரர் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆறு கிழமைகள் கழிந்தன. கட்டை வெட்டியெடுத்து எக்ஸ்றேப் படம் பிடித்துப் பார்த்தபொழுது என்பு செவ்வையாகப் பொருந்தியிருந்தது. வீட்டார் அனைவரும் மகிழ்ந்தனர்.

அந்த மகிழ்ச்சி அன்றைய பகற்போசனம் வரையுமே நிலைத்தது. சோற்றைப் பிசைந்து கவளமாக்குதற்குக் கையை நீட்டிய அத்தாயாருக்கு விரல்கள் மடங்கவில்லை. ஐந்து விரல்களும் ஐந்து குச்சிகளைப் போல நின்றன. நாற்பது ஆண்டுகளாகப் பிட்டுக்கு மாக் குழைத்து, தேங்காய்ப் பால் பிழிந்து, பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் சோறூட்டிய அந்தக் கை, ஒரு கரண்டியைத்தானும் பற்றமாட்டாது கிடந்தது. “எலும்பு பொருந்திப்போச்சாம், என்ரை கை எங்கை?” என்று அவர் கேட்டார். அங்கிருந்த ஒருவராலும் மறுமொழி கூற முடியவில்லை.

இக்குற்றத்தில் எமக்கும் ஒரு பங்கு உண்டு. அத்தாயார் எமது அயலவர். கை முறிந்த மறுநாளே தோடம்பழமும் பிஸ்கற்றும் வாங்கிக்கொண்டு பார்க்கச் சென்றோருள் நாமும் ஒருவர். பார்க்கச் சென்றோர் யாவரும் கூறுவதையே நாமும் கூறினோம்: “கையை ஆட்டாமல் வைச்சிருங்கோ அம்மா, ஆட்டினால் எலும்பு விலகிப்போம்.” விரல்களை அசைத்துக்கொண்டிருக்குமாறு கூறியே வைத்தியர் அவரை அனுப்பியிருந்தார் என்பது பின்னரே எமக்குத் தெரியவந்தது. வைத்தியர் கூறிய சொல் ஒன்று. அதற்கு மாறாக உற்றார் கூறிய சொற்களோ நூறு. நூறு சொற்கள் ஒரு சொல்லை வென்றன. அத்தாயாரும் முறிந்த கையை மார்போடு அணைத்தபடி, வீங்கிய விரல்களை ஒரு துவாயினால் மூடிக்கொண்டு, ஆறு கிழமைகளும் அசையாது காத்திருந்தார்.

கை முறிவதும் நெரிவதும் எந்த வீட்டிலும் நிகழக்கூடியவை. ஆதலின், கையிலே வீக்கம் ஏன் உண்டாகின்றது, வீக்கம் எவ்வாறு விறைப்பாக மாறுகின்றது, சுற்றிக் கட்டும் துணியும் வைத்துக் கட்டும் சிம்பும் எதற்காக என்பவற்றை இக்கிழமை நேயர்களோடு சேர்ந்து ஆராய விரும்புகின்றோம். கட்டு கைக்காகவேயன்றிக் கை கட்டுக்காக அன்று. நாம் கூற விரும்பும் செய்தி இவ்வளவே. இதனை ஆறு கிழமைகள் பிந்தி அறிந்தமையால் வந்த துன்பத்தைக் கண்ணாற் கண்டமையின், இதனை எழுதுகின்றோம்.

வீக்கம் என்னும் விருந்தினர்

மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை ஒரு கையில் 27 என்புகள் உள. மணிக்கட்டில் 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14. விரல்களை மடக்கும் பெருந் தசைகள் விரல்களிலே இல்லை. அவை முன்கையில் இருந்துகொண்டு, நீண்ட நாண்களினால் விரல்களை இழுக்கின்றன. பொம்மலாட்டக்காரன் மறைவில் நின்று நூலை இழுக்கப் பொம்மை ஆடுவதை ஒத்தது இது. இந்நாண்கள் யாவும் ஈரமான மெல்லிய உறைகளினூடே வழுக்கிச் செல்பவை. ஒன்றன்மேல் ஒன்று தடையின்றி வழுக்கும்வரையுமே கை கையாக இருக்கும்.

கையிலே அடிபட்டதும் நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர்கள் தளர்ந்து, புரதம் கலந்த நீர் வெளியே கசிகின்றது. பழுதுபார்க்கும் உயிரணுக்கள் அந்நீரோடு வந்து சேருகின்றன. ஆகவே முதற் சில நாட்களுக்கு வீக்கம் ஓர் உதவியே. வீக்கம் விருந்தினரைப் போன்றது. சில நாள் தங்கி விடைபெற்றுச் சென்றால் வீட்டுக்கு நன்மை. அங்கேயே குடியேறிவிட்டால் வீட்டுக்காரருக்கு இடமில்லாது போகும்.

குடியேறும் வீக்கம் செய்வது யாது? முதற் கிழமைக்குள்ளேயே தழும்பு நார்களை நெய்யும் உயிரணுக்கள் தொழிலைத் தொடங்கிவிடுகின்றன. அவை வெட்டுண்ட இடத்தில் மட்டும் நெய்து நிறுத்திக்கொள்வதில்லை. புரத நீர் தேங்கி நிற்கும் இடமெங்கும், நாணுக்கும் உறைக்கும் இடையிலும், மூட்டைச் சூழ்ந்த பைகளிலும், நார்களைப் பரப்புகின்றன. வழுக்க வேண்டியவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அழுத்தினால் விரல் பதியும் மென்மையான வீக்கம், நாளடைவில் அழுத்தினாலும் பதியாத தடித்த வீக்கமாக மாறுகின்றது. முன்னையதை நீக்குதல் எளிது. பின்னையதை நீக்குவதற்கு மாதங்கள் வேண்டும்.

இந்நீரை வெளியேற்றுவதற்கு வழி யாது? குருதியை உடலெங்கும் செலுத்துவதற்கு இருதயம் உண்டு. கையிலே தேங்கிய நீரைத் திரும்பக் கொண்டுசெல்லும் நாளங்களுக்கும் நிணநீர்க் குழாய்களுக்கும் அத்தகைய பம்பி ஒன்று அங்கே இல்லை. விரல்களை மடக்கி விரிக்கும்பொழுது தசைகள் அவற்றைப் பிழிந்துவிடுவதே பம்பி. ஆகவே அசையாத கை, பம்பி நின்றுபோன கிணறு. அத்தாயாரின் துவாய்க்குக் கீழே நிகழ்ந்தது இதுவே.

வீங்கிய கையின் கோலம்

உள்ளங்கையின் தோல் அடியிலுள்ள நார்ப்படலத்தோடு இறுகப் பிணைக்கப்பட்டது. புறங்கைத் தோலோ தளர்ந்தது. ஆதலின் எங்கே அடிபட்டாலும் நீர் புறங்கையிலேயே வந்து தேங்கும். உள்ளங்கையில் முள் ஏறிப் பழுத்தாலும் புறங்கை வீங்குவது இதனாலேயே. முட்டி பிடிக்கும்பொழுது புறங்கைத் தோல் நீள வேண்டும். அத்தோலை வீக்கமே நிரப்பிக்கொண்டால், முட்டிக்கு வேண்டிய தோல் எஞ்சுவதில்லை. அதனால் விரலடி மூட்டுக்கள், அதாவது குட்டும்பொழுது முன்னிற்கும் மொளிகள், மடங்காது நீண்டு நிற்கும். விரல்களின் நடு மூட்டுக்கள் வளைந்து நிற்கும். பெருவிரல் உள்ளங்கையோடு ஒட்டிக்கொள்ளும். தன்போக்கில் விடப்பட்ட வீங்கிய கை பெரும்பாலும் இக்கோலத்தையே எடுக்கும். நோவும் குறைவாக இருப்பதால் நோயாளியும் அப்படியே வைத்திருப்பார். ஆனால் விறைத்துப்போவதற்கு இதனினும் பொல்லாத கோலம் வேறில்லை.

இதன் காரணத்தை நேயர்கள் தம் கையிலேயே இப்பொழுதே பரீட்சித்துப் பார்க்கலாம். விரல்களை நேராக நீட்டிக்கொண்டு பக்கவாட்டில் விரித்துப் பாருங்கள், எளிதாக விரியும். இனி மொளிகளை மட்டும் நேர்கோணமாக மடக்கிக்கொண்டு, அவ்வாறே விரிக்க முயலுங்கள். விரல்கள் பெரும்பாலும் அசையமாட்டா. மொளியின் இரு பக்கங்களிலும் உள்ள நார்ப்பட்டிகள் விரல் நீண்டிருக்கும்பொழுது தளர்ந்தும், மடங்கும்பொழுது இறுகியும் நிற்பதே இதற்குக் காரணம். தளர்ந்த நிலையில் பல நாட்கள் கிடந்த பட்டி அந்தக் குறுகிய அளவுக்கே சுருங்கிவிடும். பின்னர் மொளியை மடக்க விரும்பினாலும் பட்டி நீளாது. நடு மூட்டிலோ ஆபத்து எதிர்ப்புறமானது. அங்கே வளைந்து கிடந்தால் உள்ளங்கைப் பக்கத்து நார்த்தகடு சுருங்கி, விரலை நிமிரவிடாது தடுக்கும்.

இவ்வுண்மை வைத்திய உலகுக்கு ஒரே நாளில் விளங்கியதன்று. சான் பிரான்சிஸ்கோ நகரத்துச் சத்திரவைத்தியர் ஸ்டேர்லிங் பன்னெல், கைச் சத்திரசிகிச்சை பற்றிய தமது பெருநூலை 1944ஆம் ஆண்டு வெளியிட்டார். இரண்டாம் உலகப் போரிற் காயமுற்ற அமெரிக்கப் போர்வீரரின் கைகளைச் சீராக்கும் பணிக்கு அவரே ஆலோசகராய் விளங்கினார். தட்டையான மட்டையிலே விரல்களை நீட்டிவைத்துக் கட்டுதலின் தீமையை எடுத்துரைத்தோருள் அவர் முதன்மையானவர். ஒரு பந்தைப் பற்றியதுபோலக் கையை வைத்தல் நன்று என்ற கொள்கை அக்காலத்திலே பரவியது. பின்னர் எடின்பரோவைச் சேர்ந்த ஜேம்ஸ் என்னும் வைத்தியர், 1970ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையில் அதனை மேலும் திருத்தினார். மொளிகளை நன்கு மடக்கியும், விரல் மூட்டுக்களை நேராக்கியும் வைத்தலே பாதுகாப்பான நிலை என்று அவர் காட்டினார். இன்று கையை அசையாது வைக்க வேண்டிய தேவை ஏற்படின், மணிக்கட்டை 20 முதல் 30 பாகை வரை பின்புறம் சாய்த்து, மொளிகளை 70 முதல் 90 பாகை வரை மடக்கி, விரல்களை நேராக்கி, பெருவிரலை உள்ளங்கையினின்றும் விலக்கி வைப்பது பெருவழக்காயிற்று. காயத்தின் வகை வேறு நிலையை வேண்டினால் அன்றி, இதுவே பொதுவிதி.

சுற்றுக்கட்டு

வீக்கத்தை ஒடுக்குவதற்கு முதல் மருந்து உயரம். கை முழங்கையிலும் உயரமாகவும், முழங்கை இருதயத்திலும் உயரமாகவும் இருத்தல் வேண்டும். படுத்திருக்கும்பொழுது இரண்டு தலையணைகளின்மேல் கையை வைத்தால் இது கூடும். கழுத்திலிருந்து துணி கட்டிக் கையைத் தொங்கவிடுவோர் பலர், கையை இடுப்பளவிற்குத் தாழவிட்டுவிடுகின்றனர். அது நீரைக் கைக்கே அனுப்புவதாகும். இரண்டாம் மருந்து அசைவு. கட்டுக்கு வெளியே நிற்கும் விரல்களை, வைத்தியர் தடுத்திருந்தாலன்றி, மணிக்கொரு முறையேனும் முழுமையாக மடக்கி விரித்தல் வேண்டும். தோளும் முழங்கையும் இதற்கு விலக்கல்ல. முறிந்தது மணிக்கட்டேயாயினும், கையைத் தலைக்கு மேலே தூக்காது வைத்திருந்தால் ஆறு கிழமையில் தோளும் விறைத்துப்போகும்.

இவ்விரண்டுக்கும் துணையாக வருவதே சுற்றுக்கட்டு. இப்பொழுது இதற்கெனத் தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும் நெகிழ்வான நாடாக்கள் விற்பனையாகின்றன. பசையோ ஊசியோ வேண்டியதில்லை, தோலிலும் ஒட்டா. விரலுக்கு ஓர் அங்குல அகலமும், கைக்கு இரண்டு அங்குல அகலமும் உடையவை ஏற்றவை. கட்டும் முறையை அறிந்தவரிடம் ஒருமுறையேனும் நேரிற் கற்றுக்கொள்ள வேண்டும். அதன் தத்துவத்தை மட்டும் இங்கே கூறுகின்றோம்.

வயலில் தேங்கிய நீரை வடியவைக்க விரும்பும் கமக்காரன் வாய்க்காலின் நடுவிலே அணை கட்டுவதில்லை. கடைக்கோடியிலிருந்தே நீரை ஒதுக்கிக்கொண்டு வருவான். கையிலும் அவ்வாறே. சுற்றுதல் விரல் நுனியிலே தொடங்கி, உள்ளங்கையை நோக்கியும் மணிக்கட்டை நோக்கியும் ஏறிச்செல்ல வேண்டும். ஒவ்வொரு சுற்றும் முந்திய சுற்றின் பாதியை மூடிச் சாய்வாகச் செல்ல வேண்டும். நுனியில் உள்ள அழுத்தத்திலும் மேலே செல்லச் செல்ல அழுத்தம் குறைய வேண்டும், கூடலாகாது. மணிக்கட்டில் மட்டும் இறுகக் கட்டிவிட்டு விரல்களை வெறுமையாக விடுவது, வாய்க்காலின் நடுவிலே அணை கட்டுவதற்கு ஒப்பாகும். அப்படிக் கட்டினால் விரல்கள் முன்னையிலும் வீங்கும்.

நாடாவை இழுத்துப் பிடித்துச் சுற்றுதல் பெரும் பிழை. சுருளிலிருந்து சிறிது அவிழ்த்துத் தளரவிட்டு, விரலின்மேல் படியவைத்துச் செல்லுதலே போதும். அது தன் நெகிழ்ச்சியினாலேயே மெல்ல அழுத்தும். நகத்தின் நுனி எப்பொழுதும் வெளியே தெரிய வேண்டும். நகத்தை அழுத்திவிட, வெளுத்த இடம் இரண்டு வினாடிகளுக்குள் சிவக்க வேண்டும். விரல் நீலம் பாரித்தாலும், வெளுத்தாலும், மரத்தாலும், குளிர்ந்தாலும், துடிப்போடு நோவு ஏறினாலும் அக்கணமே கட்டை அவிழ்க்க வேண்டும். காலை வரை பார்ப்போம் என்று பொறுத்திருத்தல் ஆகாது.

சுற்றிய விரலை அசையாது வைத்தால் கட்டின் பயன் பாதியும் போய்விடும் என்பதை நேயர்கள் குறித்துக்கொள்க. நாடா விரலோடு சேர்ந்து மடங்கும்; மடங்கும்பொழுது பிழியும்; பிழியும்பொழுது நீர் ஏறிச்செல்லும். நாடாவுக்குப் பதிலாக, அளவெடுத்துத் தைத்த நெகிழ் கையுறைகளும் உள. கையின் நுனியிலிருந்து முழங்கையை நோக்கி மெதுவாகத் தடவிவிடுதலும் உதவும். ஆனால் காயம் பழுத்துக் காய்ச்சல் இருந்தாலும், குருதி உறைந்த நாளம் இருப்பதாக ஐயம் இருந்தாலும் சுற்றுக்கட்டும் தடவுதலும் கூடா. நீரிழிவினால் உணர்ச்சி குன்றிய கையிலே, வைத்தியரைக் கேளாது யாதொன்றும் செய்தலாகாது.

வீக்கம் குறைகின்றதா என்பதை எவ்வாறு அறிவது? மாணவர்கள் விரும்பத்தக்க ஒரு முறை உண்டு. விளிம்புவரை நீர் நிரப்பிய ஒரு பாத்திரத்திலே கையை மெல்ல அமிழ்த்தி, வழிந்தோடும் நீரை அளந்துகொள்வர். இன்று அளந்ததையும் அடுத்த கிழமை அளந்ததையும் ஒப்பிட்டால் வீக்கத்தின் போக்குத் தெரியும். ஆர்க்கிமிடீசின் உண்மை வைத்தியசாலைக்குள் நுழைந்த கதை இது. வீட்டிலாயின் தையல் நாடாவினால் மொளிகளைச் சுற்றி, ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் அளந்து கொப்பியில் எழுதிவைத்தல் போதும்.

சிம்பு

அங்கத்தை வேண்டிய நிலையில் நிறுத்துவதற்கு வைத்துக் கட்டும் மட்டையைச் சிம்பு என்பர். எமது முறிவு நெரிவு வைத்தியர்களும் மட்டையும் துணியும் கொண்டு இதனைத் தொன்றுதொட்டுச் செய்து வந்துள்ளனர். மேல்நாட்டிலே, ஒல்லாந்த இராணுவ வைத்தியர் மதைசென் என்பவர், பாரிஸ் சாந்து தோய்ந்த துணிக்கட்டுப் பற்றி 1852ஆம் ஆண்டு வெளியிட்ட பின்னர், பிளாஸ்ரர் எங்கும் பரவியது. இன்று சிம்புகள் பெரும்பாலும் ஒருவகைப் பிளாஸ்ரிக் தகட்டினால் ஆக்கப்படுகின்றன. சுடுநீரில் இட்டதும் அத்தகடு துணிபோலத் துவளும். சூடு சிறிது ஆறியதும் கைமேல் வைத்து உருவாக்க, சில நிமிடங்களில் இறுகி அக்கையின் அச்சாகவே நிற்கும். ஒருவரின் சிம்பு இன்னொருவருக்குப் பொருந்தாது. வெயிலில் நிறுத்திய மோட்டார் வண்டிக்குள் அதனை விட்டால் உருக்குலைந்துபோகும் என்பதையும் எம்மவர் அறிதல் நன்று.

சிம்புகள் மூவகைத் தொழில் புரிவன. முதல்வகை ஓய்வு தருவது. முன்னே கூறிய பாதுகாப்பான நிலையிலே கையை இரவில் தாங்கி நிற்கும். பகலிலே பயிற்சிக்காகக் கழற்றி வைக்கப்படும். இரண்டாம் வகை மெல்ல இழுப்பது. றப்பர் நாடாவோ கம்பிச் சுருளோ பூட்டி, விறைத்த மூட்டை இடையறாது சிறுவிசையால் இழுத்துக்கொண்டிருக்கும். அவ்விழுப்பு விரலென்புக்கு நேர்கோணமாக இருத்தல் வேண்டும். அல்லாவிடில் மூட்டையே நெரிக்கும். அதன் விசை பொதுவாக 100 முதல் 300 கிராம் வரையுமே. ஒரு தோடம்பழத்தின் பாரம் என்று கூறலாம். மூன்றாம் வகை படிப்படியாக நிலைமாற்றுவது. இன்று அடையக்கூடிய எல்லையிலே மூட்டை நிறுத்திவைத்து, சில நாட்களின்பின் சற்று முன்னே நகர்த்தி, மீண்டும் அங்கே நிறுத்துவது.

இவ்வளவு சிறிய விசையினால் என்ன ஆகும், நாலுபேர் பிடித்து ஒரேயடியாக மடக்கிவிட்டால் தீராதோ என்று நேயர் கேட்கலாம். எமது அயலிலும் அவ்வாறு கூறியோர் இருந்தனர். அவர்களுக்கு மறுமொழி வேலூரிலே இருக்கின்றது.

வேலூர் தரும் பாடம்

போல் பிராண்ட் என்னும் சத்திரவைத்தியர் தமிழ்நாட்டின் கொல்லிமலையிலே, கிறிஸ்தவ ஊழியம் புரிந்த ஆங்கிலப் பெற்றோருக்கு 1914ஆம் ஆண்டு பிறந்தவர். லண்டனில் வைத்தியம் கற்று, 1946இல் வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயினால் விரல்கள் வளைந்து விறைத்துப்போன கைகளைத் திருத்துவதிலே தம் வாழ்வின் பெரும்பகுதியைச் செலவிட்டார். நாண்களை இடமாற்றிப் பொருத்தும் அவரது சத்திரசிகிச்சை உலகெங்கும் அறியப்பட்டது. ஆனால் கத்தியை எடுக்குமுன், விறைத்த மூட்டுக்கள் நெகிழ வேண்டும். விறைத்த மூட்டை எத்தகைய நாணும் அசைக்கமாட்டாது.

அந்நோயாளருக்கோ விரல்களில் நோவு தெரியாது. வலிந்து நிமிர்த்தினால் உள்ளே கிழிவதும் தெரியாது. ஆகவே பிராண்ட் விரலைச் சுற்றி மெல்லிய பிளாஸ்ரர்க் குழல் ஒன்றை வார்ப்பித்தார். விரல் வலிந்திழுக்காது செல்லும் எல்லைவரை நிமிர்த்தி, அங்கே குழல் இறுக விடுவது. சில நாட்களில் அதனைக் கழற்றினால் விரல் சற்றுக் கூடுதலாக நிமிரும். அங்கே புதிய குழல். இவ்வாறு குழல்மேற் குழலாக மாற்ற, பல காலம் வளைந்து கிடந்த விரல்கள் நிமிர்ந்தன. இங்கே நார்கள் இழுபட்டு நீளவில்லை, மெல்லிய இழுப்பைத் தாங்கி நிற்கும் உயிருள்ள தசையும் தோலும் புதிதாக வளர்ந்து நீளுகின்றன என்பது அவர் கண்ட உண்மை. இழுத்தால் கிழியும், காத்திருந்தால் வளரும்.

இவ்வுண்மையை அவருக்கு உணர்த்தியவை குழந்தைகளின் கால்கள். பிறவியிலேயே உள்வளைந்த பாதங்களை வலிந்து நிமிர்த்திய மேல்நாட்டு நோயாளரின் கால்கள், வடிவில் நேராயினும் தழும்பேறி விறைத்திருப்பதை அவர் கண்டிருந்தார். வேலூரிலே தாய்மாரைப் பசித்த குழந்தையோடு வருமாறு கூறுவார். குழந்தை தாயிடம் பாலருந்தும்பொழுது, அதன் முகத்தைப் பார்த்தபடியே பாதத்தை மெல்ல மெல்லத் திருப்புவார். குழந்தை பாலை மறந்து நிமிர்ந்து பார்த்தால், அதுவே அன்றைய எல்லை. அதற்குச் சற்று முன்னே நிறுத்திப் பிளாஸ்ரர் போடுவார். குழந்தை அழுதால் தாம் எல்லையைக் கடந்துவிட்டதாகக் கொள்வார். எந்த வைத்திய நூலிலும் இதனினும் தெளிவான அளவுகோலை நாம் கண்டதில்லை.

பின்வந்தோரும் இதனை உறுதிசெய்தனர். அமெரிக்காவிலே பிளவர்ஸ், லஸ்தாயோ என்னும் இருவர் 1994ஆம் ஆண்டு வெளியிட்ட ஓர் ஆய்வில், வளைந்து விறைத்த நடு மூட்டுக்களைப் பிளாஸ்ரரில் மூன்று நாட்களும் ஆறு நாட்களும் வைத்து ஒப்பிட்டனர். ஆறு நாட்கள் இருந்தபொழுது மூட்டு அதிகம் நிமிர்ந்தது. மூட்டைத் திறப்பது விசையின் பெருமை அன்று. எல்லையிலே தங்கியிருக்கும் நேரத்தின் நீளமே. நாளொன்றுக்கு ஐந்து நிமிடம் நோக நோக மடக்குவதிலும், பல மணிநேரம் நோகாது சிம்பிலே வைத்திருத்தல் மேலாகும். சிம்பைக் கழற்றிய பின்னரும் நோவு தொடர்ந்தாலும், மறுநாட் காலை வீக்கம் கூடியிருந்தாலும், இழுப்பு மிஞ்சிவிட்டது என்று அறிக.

வீட்டார் கவனத்திற்கு

கையில் அடிபட்டவுடன், வீங்குமுன்னரே, மோதிரத்தையும் காப்பையும் கழற்றிவிடுக. கட்டோடு வீடு திரும்புமுன், எந்த விரலை அசைக்கலாம், எதை அசைக்கலாகாது என்று வைத்தியரைக் கேட்டு எழுதிக்கொள்க. நாண் வெட்டுண்டு தைக்கப்பட்ட கையில் இக்கேள்வி மிக முக்கியமானது. அங்கே தானாக அசைத்தால் தையல் அறும். அவர்கள் கூறும் அளவிலேயே அசைக்க வேண்டும். பிளாஸ்ரர் உள்ளங்கையில் மொளிகளை மறைத்து முட்டி பிடிக்கவிடாது தடுத்தால், நாளை என்று இராது திரும்பிச் சென்று காட்டுக. கட்டுக்குள்ளே நோவு வரவர ஏறுவதும், விரலை நிமிர்த்தத் தாங்காது நோவதும் இரவென்று பாராது வைத்தியசாலைக்கு ஓடவேண்டிய அறிகுறிகள். காயத்துக்கு மிஞ்சிய எரிவும், தோல் மினுமினுத்து நிறமாறுவதும், கை வியர்ப்பதும் கண்டால் விரைவில் வைத்தியரைக் காணுக.

கட்டு அவிழ்ந்த பின் எண்ணெய் பூசி உருவுவோரும், புக்கை கட்டுவோரும் உளர். மெல்லத் தடவுதலால் கேடில்லை. ஆனால் விறைத்த மூட்டை ஆள் பிடித்து நெரித்து மடக்குவதை எவர் செய்தாலும் இணங்காதீர்கள். கிழிந்த இடத்திலே புதிய வீக்கமும், புதிய வீக்கத்திலே புதிய நாரும் தோன்றும். ஓரடி முன்னேறி ஈரடி பின்வாங்கிய கதையாகும். தொழில்வழிச் சிகிச்சையாளரும் இயன்மருத்துவரும் உள்ள வைத்தியசாலைக்கு அனுப்புமாறு கேட்பதற்கு எவரும் கூச வேண்டியதில்லை.

எமது அயலவரின் கதையைக் கூறி முடிப்போம். அத்தாயார் அவ்வாறே சிகிச்சையாளரிடம் சென்றார். விரல்களை நாடாவால் சுற்றினார்கள். இரவிலே அணியச் சிம்பு செய்து கொடுத்தார்கள். பகலிலே மாவைப் பிசைந்து பழகுமாறு கூறினார்கள். முதல் மாதத்தில் வீக்கம் வற்றியது. மூன்றாம் மாதத்தில் நடுவிரலின் நுனி உள்ளங்கையைத் தொட்டது. அன்று வீட்டார் அடைந்த மகிழ்ச்சி, எக்ஸ்றேப் படத்தைக் கண்டு அடைந்த மகிழ்ச்சியிலும் பெரிது. ஆறாம் மாதத்தில் அவரே பிட்டு அவித்து எமக்கும் ஒரு கோப்பையில் அனுப்பினார். சின்ன விரல் மட்டும் இன்றுவரை முழுமையாக மடங்கவில்லை. “அது பிடிவாதக்காரி” என்று அவர் சிரிக்கின்றார். எமக்குச் சிரிப்பு வருவதில்லை. அவ்விரலைக் காணுந்தோறும் நாம் கொண்டுசென்ற தோடம்பழமும், கூறிவந்த புத்திமதியும் நினைவுக்கு வருகின்றன.

இப்பொழுதும் கை முறிந்தோரைப் பார்க்கச் செல்கின்றோம், பழமும் கொண்டுசெல்கின்றோம். “ஆட்டாமல் வைச்சிருங்கோ” என்று மட்டும் கூறுவதில்லை. விரல்களை அசைக்க வைத்தியர் இடங்கொடுத்திருக்கின்றாரா என்று கேட்டறிந்து, அருகில் அமர்ந்து, “எங்கை அம்மா, விரலை மடக்கிக் காட்டுங்கோ பாப்பம்” என்கின்றோம். நேயர்களும் அவ்வாறு கேட்கப் பழகுவார்களாக.